மூன்றாம் கதவுக்கு யார் பேர் கொடுத்தது?

இந்தக் கதையில் இருட்டு கிடையாது. சலங்கைச் சத்தம் கேட்காது, வெள்ளைச் சேலையும் வராது. நடந்தது ஆனி மாதம் பிறந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், டியூப்லைட் அத்தனையும் எரிந்துகொண்டிருந்த ஒரு நிட்டிங் மில்லில். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கிருத்திகாவிடம் போய் மட்டும் "நிஜமாவா?" என்று கேட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள்.

கிருத்திகாவுக்கு இருபத்தெட்டு வயது. திருப்பூரில், நிட்டிங் மிஷின்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். முதலாளி சுரேந்தரையும் சேர்த்தே அங்கே ஆறு பேர்தான். பனியன் துணி பின்னுகிற வட்ட மிஷினைப் பார்த்திருப்பீர்கள். மேலே நூல் கோன்கள், நடுவில் வட்டமாக ஊசிகள், கீழே பின்னிய துணியைச் சுருட்டிக்கொண்டே சுற்றுகிற கனமான இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்தைச் சுற்றி மூன்று கதவுகள். ஓடும்போது எந்தக் கதவு திறந்தாலும் அந்த நொடியே மிஷின் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உள்ளே நீட்டிய கை போகும். கையோடு போனால் அதிர்ஷ்டம் என்பார்கள் மில்லில்.

கதவு திறந்ததைப் போர்டுக்குச் சொல்வது ஒரு குட்டிப் புரோகிராம். அதற்கு டிரைவர் என்று பெயர். லாரியை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது வேறு. ஊசி உடைந்ததைச் சொல்ல ஒரு டிரைவர், நூல் அறுந்ததைச் சொல்ல ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று. மொத்தம் பதினான்கு. மிஷினுக்கு ஸ்விட்ச் போட்டதும், ஷிப்டுக்கு வந்த ஆட்கள் மாதிரி ஒவ்வொரு டிரைவரும் பேர் கொடுக்கவேண்டும். பேர் கொடுத்தது திரையில் ஒவ்வொரு வரியாக வரும். பேர் கொடுக்காத டிரைவர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். போர்டு அதைக் கூப்பிடாது, காணோமே என்று கவலையும் படாது.

பேர் கொடுக்கிற அந்த ஒற்றை வரியை மேக்ரோ என்பார்கள். இவளுக்கு முன்னால் வேலை பார்த்த வேல்குமார், பதினான்கு மேக்ரோவையும் பதினான்கு ஹெடர் ஃபைலில் இறைத்து வைத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். ஹெடர் ஃபைல் என்பது, மற்ற ஃபைல்கள் எல்லாம் வேலையைத் தொடங்கும் முன் படித்துக்கொள்கிற அறிவிப்புத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். கிருத்திகா மூன்று வாரம் உட்கார்ந்து அத்தனையையும் ஒரே ஹெடர் ஃபைலுக்குக் கொண்டுவந்தாள். ஒரே தாள், பதினான்கு வரி. பார்த்தாலே கண் குளிரும்.

சுரேந்தருக்கு அது பிடிக்கவில்லை. "நல்லா ஓடிட்டு இருக்கறத எதுக்குங்க நோண்டறீங்க?"

"ஒரு வரி விட்டுப்போனாலும் யாருக்கும் தெரியாதுங்க சார். அது கதவா இருந்தா என்னாவுறது?"

"மூணு வருசமா முப்பத்தெட்டு மிஷின்ல ஓடுதுங்க. ஒரு புகாரு வரலீங்க."

கடைசியில் ஒரு சமரசம். அவிநாசிபாளையத்துப் பக்கம் உள்ள மில்லில் ஏழாம் நம்பர் மிஷினில் அவள் திருத்தி எழுதிய புரோகிராமை, அதாவது புதுக் கோடை, போட்டுப் பார்ப்பது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு ஓடினால் முப்பத்தெட்டுக்கும் போடலாம். ஓடாவிட்டால் மூன்று வார உழைப்பும் குப்பைக்கூடைக்கு, பழையதே கதி.

வியாழக்கிழமை போட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

பதினான்கு வரி வரவேண்டிய திரையில் பதினைந்து வந்தது. கடைசி இரண்டும் ஒன்றே.

கதவு 3.
கதவு 3.

அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், வேல்குமார் எழுதிவைத்த பிழைச் செய்தி: "இந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உண்டு." ஒரே கதவுக்கு இரண்டு டிரைவர் பேர் கொடுத்தால் போர்டு மிஷினை ஓடவிடாது. ஓடவிடவில்லை.

"ப்ச்... ரெண்டு தடவ சேத்துட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டு தேடினாள். ஒரே தடவைதான் இருந்தது. ஆபீசுக்கு வந்து மேஜைமேல் கிடந்த போர்டில் அதே கோடை ஏற்றினாள். பதினான்கு. கச்சிதமாகப் பதினான்கு. வெள்ளிக்கிழமை மறுபடியும் மில்லுக்குப் போனாள். பதினைந்து. சனிக்கிழமை புத்தம்புதுப் போர்டை அட்டைப்பெட்டியோடு கொண்டுபோய், பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். பதினைந்து. ஆபீசில் சரி, மில்லில் தப்பு! புரோகிராம் எழுதுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அம்மா தோசையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்ததற்கும் எரிந்து விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் விடுமுறை. காலை 11:40க்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினாள். கதவைத் திறந்துவிட ஃபிட்டர் தங்கதுரை வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, இருபது வருடமாக அந்த மில்லின் மிஷின்களைப் பிரித்து மாட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"இன்னைக்காச்சு ஓடுமுங்களா அம்முணி?"

"ஓடாட்டி இந்த லேப்டாப்ப ஒடச்சுப் போட்டுட்டு வேற வேலைக்குப் போறனுங்ணா."

அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மிஷின்களும் நின்றுகொண்டிருந்தன. மேலே பஞ்சு ஊதுகிற மின்விசிறி ஒன்றுதான் விர்ர்... என்று சுற்றியது. ஏழாம் நம்பருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். 11:52க்கு ஸ்விட்ச் போட்டாள். பட் பட் பட் என்று வரிகள் விழுந்தன. பதினான்கு வரி முடிந்தது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. யாரோ வேகமாக நடந்துவந்து மூச்சு வாங்குகிற நேரம் இருக்கும். அப்புறம்தான் பதினைந்தாவது வரி வந்தது.

இந்த இடைவெளியை இதற்குமுன் அவள் கவனித்ததில்லை. மறுபடி போட்டுப் பார்த்தாள். பதினான்கு... இடைவெளி... கதவு 3.

"வயர்ல கோளாறு" என்றாள் சத்தமாக, தனக்குத்தானே. மூன்றாம் கதவின் சென்சார் வயரைப் பிடுங்கிவிடும்படி தங்கதுரையிடம் சொன்னாள். அவர் நின்ற இடத்திலிருந்து மூன்றாம் கதவுக்கு நாலே எட்டு. ஆனால் அவர் மிஷினை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கமாக வந்து, கையை மட்டும் நீட்டி வயரைப் பிடுங்கினார். வந்த வழியே திரும்பிப் போனார்.

ஸ்விட்ச். பதினான்கு... இடைவெளி... கதவு 3.

12:35. தன்னுடைய மூன்றாம் கதவு வரியை அவளே அழித்தாள். சோதனைக்குத்தான். பதின்மூன்று வரணும்.

பதினான்கு வந்தது. கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு, கதவு 3.

இரண்டு பேர் இல்லை என்பதால் இப்போது பிழைச் செய்தி வரவில்லை. மிஷின் ஓடத் தயாராக இருந்தது. லேப்டாப்பில் அந்தப் பெயரைத் தேடினாள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றது. மூன்றாம் கதவின் ஃபைலையே மொத்தமாக அழித்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினாள். வயரும் பிடுங்கித்தான் கிடந்தது. 1:10க்கு ஸ்விட்ச்.

கதவு 3.

"யாருடி நீ!" என்று கத்திவிட்டாள். ஆத்திரத்தில் வாயில் வந்ததுதான், வேறொன்றும் இல்லை. தங்கதுரை கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. டங்.

"அம்முணி... பழையதையே போட்டுரலாமுங்க."

"ஏனுங்ணா? மூணு வாரம் கண்ணு அவிஞ்சு எழுதியிருக்கறன்."

"அது அப்புடியே இருக்கட்டுமுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க."

"எதுங்ணா ஒண்ணும் பண்ணாது?"

அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். கிருத்திகாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. மிஷினும் சொல்லாது, மனுஷனும் சொல்லமாட்டாராம்! இந்த நிலைமையில் அவளுக்குப் பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. எரிச்சலில் இருக்கிறவளிடம் பேயே வந்தாலும் "கொஞ்சம் இரு, இதை முடிச்சுக்கறேன்" என்றுதான் சொல்வாள்.

1:25க்கு மல்லுக்கட்டத் தொடங்கினாள். போர்டின் அடித்தளத்திலேயே ஒரு காவல் எழுதினாள். இந்தப் பதின்மூன்று பேர்தான் உள்ளே வரலாம். பதின்மூன்றுக்குப் பிறகு யார் பேர் கொடுத்தாலும் வாங்காதே. கதவைச் சாத்திக்கொள். அந்த வேண்டாத வரியை ஒழித்துவிட்டால், பிறகு தன்னுடைய மூன்றாம் கதவை முறையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

2:03. ஸ்விட்ச்.

பதின்மூன்று வரி. பட் பட் பட்.

இடைவெளி...

இன்னும் இடைவெளி...

ஒன்றும் வரவில்லை.

"அப்பாடா!" என்றாள். நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். மிஷினை ஓட்டச் சொன்னாள். தங்கதுரை முதல் கதவுப் பக்கம் நின்று பச்சைப் பொத்தானை அழுத்தினார். இரும்புச் சட்டம் மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, ஹூம்ம்ம்... என்று சுற்றியது.

இனி ஒரே ஒரு சோதனை. மூன்றாம் கதவைத் திறக்கவேண்டும். மிஷின் நிற்கக்கூடாது. நிற்காவிட்டால் அந்த வரி ஒழிந்தது என்று அர்த்தம்.

"வேண்டாமுங்க அம்முணி" என்றார் தங்கதுரை.

"ரெண்டு நிமிசந்தானுங்ணா."

2:08. திறந்தாள்.

நிற்கவில்லை. சட்டம் அவள் முழங்கைக்கு எதிரே சுற்றிக்கொண்டேயிருந்தது. நினைத்தது நடந்துவிட்ட சந்தோஷத்தில், பக்கத்துத் தூணில் இருந்த திரையைப் பார்க்கத் திரும்பினாள். மின்விசிறிக் காற்றுக்குத் துப்பட்டா நுனி பறந்தது.

உள்ளே போனது.

கழுத்தில் வெடுக்கென்று ஒரு இழுப்பு.

அவள் முன்னால் இழுபட்டாள். இரண்டு கையாலும் துப்பட்டாவைப் பிடித்தாள். ஊக்கு குத்தியிருந்தது, அவிழவில்லை. முகத்துக்கு நேரே இரும்பு வந்து போனது. மறுபடி வந்தது. இன்னும் பக்கத்தில்...

"அண்ணா!"

தங்கதுரை ஓடிவரும் சத்தம். சுற்றிக்கொண்டு. நேர்வழியில் இல்லாமல், சுற்றிக்கொண்டு...

டக்.

நின்றது.

எல்லாம் நின்றது. மின்விசிறி மட்டும் விர்ர்...

இரும்புச் சட்டத்துக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தங்கதுரை அப்போதுதான் இரண்டாம் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். அவர் கை எதன்மேலும் இல்லை. அவள் கை இரண்டும் துப்பட்டாவில்.

மூன்றாம் கதவை ஒட்டிய தூணில் இருந்த சிவப்பு அவசரப் பொத்தான் உள்ளே அமுங்கிக் கிடந்தது. யாராவது ஓங்கி அழுத்தினால் ஒழிய அது அமுங்காது. அதன்மேல் கனமாகப் பஞ்சு படிந்திருந்தது. பஞ்சின் நடுவே...

ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

திரையில் ஒரே வரி.

கதவு 3.

தங்கதுரை கத்தரிக்கோலால் துப்பட்டாவை வெட்டி அவளை வெளியே இழுத்தார். இருவரும் வாசலுக்கு வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். அவளுக்குப் பல் கிட்டியது. அவர் தண்ணீர் கொடுத்தார்.

"குப்பாயிங்க அது" என்றார்.

"யாருங்ணா?"

"இங்க ஆபரேட்டரா இருந்த புள்ள. இருபத்திரண்டாம் வருசம் மார்ச்சு ஒம்பது, புதன்கெழமை, காலைல பதினொண்ணு இருபது. அந்த மூணாவது கதவுலதான்... தூக்கறதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சுங்க."

"மிஷின் நிக்கலீங்களா?"

"நிக்கலீங்க. கதவுல காந்தம் ஒட்டியிருந்துது."

அந்தக் காந்த விஷயம் கிருத்திகாவுக்குத் தெரியும். கதவு சாத்தியிருப்பதைச் சென்சார் ஒரு காந்தத்தை வைத்துத்தான் அறியும். தனியாக இன்னொரு காந்தத்தைச் சென்சார்மேல் ஒட்டிவிட்டால், கதவு திறந்தே கிடந்தாலும் சாத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். எல்லா மில்லிலும் நடக்கிற திருட்டுத்தனம். மிஷினை நிறுத்தி ஓட்டினால் துணியில் கோடு விழும், கோடு விழுந்த துணியை வாங்குகிற பையர் திருப்பி அனுப்புவான். அதனால் சின்ன வேலை என்றால் நிறுத்தாமல், காந்தத்தை ஒட்டிவிட்டுக் கையை விட்டுவிடுவார்கள்.

"அவசரக்காரி, தானே காந்தத்த ஒட்டித் தானே போய்ச் சேந்துட்டான்னு எழுதி முடிச்சுட்டாங்க" என்றார் தங்கதுரை. "காந்தத்த ஒட்டுனது நானுங்க. காலைல மிஷினுக்கு எண்ணெ உடறதுக்கு ஒட்டுனன். எடுக்க மறந்துட்டன். மூணு வருசமா ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்க. அந்தப் புள்ள மேல பழியப் போட்டாங்க, நான் பாத்துட்டு நின்னனுங்க."

கிருத்திகா மீதித் தண்ணீரை அவரிடமே நீட்டினாள்.

மாலை 5:30க்கு ஆபீசுக்குப் போனாள். வீட்டுக்குப் போயிருக்கலாம், போகப் பிடிக்கவில்லை. ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. மேஜைமேல் கிடந்த போர்டில் இந்தத் தடவை வேல்குமாரின் பழைய கோடை ஏற்றினாள். மூன்று வருடமாக நன்றாக ஓடுகிறது என்று சுரேந்தர் மார்தட்டிய அதே கோடு. மில்லில் அது எப்போதும் பதினான்கு வரி காட்டும்.

மேஜையில் பதின்மூன்று காட்டியது.

கதவு 1. கதவு 2. அதோடு சரி.

காரணம் கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு ஹெடர் ஃபைலின் தலையிலும் ஒரு அடையாளப் பெயர் இருக்கும். அந்தப் பெயரை ஏற்கெனவே பார்த்திருந்தால், ஃபைலைப் படிக்காமல் தாண்டிப் போய்விடவேண்டும். ஒரே தாளை இரண்டு தடவை படிக்காமலிருக்கச் செய்கிற ஏற்பாடு அது. வேல்குமார் இரண்டாம் கதவின் ஃபைலை நகலெடுத்து மூன்றாம் கதவுக்கு ஆக்கியிருக்கிறான். உள்ளே எல்லாம் மாற்றியவன், தலையில் இருந்த பெயரை மாற்ற மறந்துவிட்டான். எனவே இரண்டாம் கதவைப் படித்ததும் மூன்றாம் கதவு தாண்டிப் போய்விடும். சத்தமில்லாமல். பிழைச் செய்தி இல்லாமல்.

அந்தக் கோடு மூன்றாம் கதவைப் பார்த்ததே இல்லை. ஒருநாள்கூட.

காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு அந்த மிஷின் நின்றிருக்காது.

அந்த வரியைப் படம் பிடித்து வேல்குமாருக்கு அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்றுவரை வரவில்லை. தங்கதுரைக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுமுனையில் அந்த மனுஷன் விம்முகிற சத்தம் கேட்டது. போனை வைக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் அவளும் அழுதாள்.

திங்கட்கிழமை காலை சுரேந்தரிடம் எல்லாவற்றையும் வைத்தாள். பேய் விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போயிற்று.

"இதை வெளிய சொன்னா கம்பெனி இருக்குமுங்களா கிருத்திகா?"

"சொல்லாட்டி நான் இருக்கமாட்டனுங்க சார். அந்தப் பொண்ணு ஊட்டுல போய்ச் சொல்லோணும். மில்லுல எழுதுனத மாத்தோணும்."

சுரேந்தர் நெற்றியைத் தேய்த்தார். "நல்ல போர்டு நல்ல போர்டுன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிஞ்சனுங்களே..." என்றார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

குப்பாயியின் அக்கா மருதாள் மில்லுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தாள். தங்கதுரையையும் அழைத்துக்கொண்டு மூவரும் போய் நின்றார்கள். தங்கதுரைதான் முதலில் பேசினார். காந்தத்தைச் சொன்னார். கிருத்திகா விட்டுப்போன வரியைச் சொன்னாள். கம்ப்யூட்டர் சமாசாரம் மருதாளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. புரியவேண்டியது புரிந்தது.

"எந்தங்கச்சி மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்க்கா. எங்க மேலதான்."

மருதாள் எழுந்து தங்கதுரைக்கு நேராக வந்தாள். அறையப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "மூணு வருசமுங்க. அவசரக்காரி அவசரக்காரின்னு அவ சாவுக்கு வந்த சனமெல்லாம் சொல்லிட்டுப் போச்சுங்க. கூடவே நின்னீங்களே சாமி, ஒரு வார்த்தை சொல்ல வாயில்லீங்களா?" என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கும்பிடை வாங்கவில்லை. கிருத்திகாவிடம் திரும்பினாள்.

"இனி நிக்குமுங்களா?"

"நிக்குமுங்க."

அன்று மதியம் 12:15க்கு ஏழாம் நம்பர் மிஷினில் புதுக் கோடை முறையாகப் போட்டாள். காவலை எடுத்துவிட்டாள். மூன்றாம் கதவின் வயரை மாட்டி, அதன் ஃபைலையும் வரியையும் திரும்பச் சேர்த்துவிட்டாள். ஸ்விட்ச் போட்டாள். பட் பட் பட். பதினான்கு. காத்திருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... பதினைந்தாவது வரி வரவேயில்லை. மிஷினை ஓட்டி, மூன்றாம் கதவைத் திறந்தாள். மிஷின் நின்றது.

இதோடு முடிந்திருந்தால் அவளும் அதை மறந்திருப்பாள். முடியவில்லை.

பத்து நாளில் மற்ற முப்பத்தேழு மிஷின்களுக்கும் மில் மில்லாகப் போய்ப் புதுக் கோடைப் போட்டாள். ஒவ்வொரு போர்டும், மிஷின் எப்போது எதனால் நின்றது என்று தனக்குள்ளேயே குறித்துவைத்திருக்கும். யாரும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. அவள் எடுத்துப் பார்த்தாள். எந்த மிஷினிலும் 2022 மார்ச் 9க்கு முன் மூன்றாம் கதவால் நின்றதாக ஒரு வரி இல்லை. இருக்கவும் முடியாது. அதற்குப் பிறகோ எல்லா மிஷினிலும் இருந்தது. பல்லடத்தில், அவிநாசியில், எல்லா மில்லிலும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை.

கடைசி மிஷின் பொங்கலூரில். அதில்தான் இருப்பதிலேயே முதல் வரி இருந்தது.

கதவு 3. நிறுத்தம். 09-03-2022. காலை 11:21.

கிருத்திகா அந்த மிஷினின் ஆபரேட்டரைக் கூப்பிட்டாள். சிவராஜ் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். ஆரம்பத்திலிருந்தே அந்த மிஷினில்தான் வேலை செய்கிறான். குப்பாயி யாரென்றே அவனுக்குத் தெரியாது. அந்தத் தேதியைக் காட்டி, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவன் திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மறக்குமுங்களா? சட்டை மாட்டிக் கை முழங்கை வரைக்கும் உள்ள போயிருச்சுங்க. மிஷின் நிக்கல, ஓடிட்டேதான் இருந்துது. அவ்வளவுதான், போச்சுன்னு கண்ண மூடிட்டனுங்க. அப்ப பக்கத்துல யாரோ ஓடியாந்து மூச்சு வாங்குனாங்க. டக்குனு நின்னுருச்சுங்க. கண்ணத் தொறந்து பாத்தா..."

"யாருங்க?"

"ஒருத்தருமே இல்லீங்க."